47 கிலோ: சிரை வடிகட்டி வைத்த பிறகு அம்மாவுக்கு ஏற்பட்ட இரத்தக்கசிவு

இரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போகாமல் தடுக்கும் வடிகட்டி அம்மாவின் வயிற்றுச் சிரைக்குள் வைக்கப்பட்ட ஐந்தாம் நாள், அவருக்கு உள்ளுக்குள்ளேயே இரத்தம் கசியத் தொடங்கியது. ஒரு சொட்டுகூட வெளியே வரவில்லை. தொடையிடுக்கில் ஒட்டியிருந்த பஞ்சுக்கட்டு உலர்ந்தே இருந்தது, படுக்கை விரிப்பில் கறை இல்லை, வெளியே தெரிந்ததெல்லாம் முதுகுவலி ஒன்றுதான். வாரக்கணக்கில் படுத்தே கிடக்கும் 68 வயதுப் பெண் முதுகு வலிக்கிறது என்று சொன்னால் யார்தான் திடுக்கிடுவார்கள்? நானும் திடுக்கிடவில்லை. ஏறக்குறைய பத்து மணி நேரம் அந்த வலியின் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பத்து மணி நேரத்தில் நான் கவனிக்கத் தவறியவற்றையும், அதற்கு முன்பே என் வாயிலிருந்து வந்த ஒரு தவறான எண்ணையும் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

அம்மா மலேசியாவின் நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் சீவியவர். தோட்டம் கைமாறிய பிறகு பட்டர்வொர்த்தில் எங்களோடு இருக்கிறார். குளியலறையில் வழுக்கி விழுந்து இடது இடுப்பெலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சை நல்லபடியாகவே முடிந்தது. வீட்டுக்கு வந்த மூன்றாம் வாரத்தில் இடது கால் தொடை வரை வீங்கிச் சூடாக இருந்தது. சித்தி வந்து பார்த்துவிட்டு, காலில் நீர் இறங்கியிருக்கிறது, ஊருட் (உடம்பு பிடித்துவிடுதல்) செய்கிற மக்சிக்கை, அதாவது மலாய்க்கார அம்மாவை, அழைத்து எண்ணெய் போட்டு உருவிவிட்டால் சரியாகிவிடும் என்றார். அந்த மக்சிக் ஒரு கல்யாணத்துக்காக அலோர் ஸ்டார் போயிருந்தது எங்கள் நல்ல காலம். ஆழ்சிரையில் இரத்தம் உறைந்திருக்கும் காலை அழுத்தி உருவினால் கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போகக்கூடும் என்பது எங்கள் வீட்டில் அன்று யாருக்கும் தெரியாது. மறுநாள் மருத்துவமனையில் இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் செய்தபோது, தொடைச் சிரையில் இடுப்பு வரை கட்டி நீண்டிருப்பது தெரிந்தது.

அனுமதிச் சீட்டு எழுதும்போது நடந்த ஒரு சிறிய உரையாடலை இங்கே குறித்துவைக்க வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்ததெல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. இரத்தம் உறையாமல் தடுக்கும் எனாக்ஸபரின் ஊசி பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படும் பொருளால் ஆனது என்பதால், அதைப் போடச் சம்மதமா என்று கேட்டார்கள், சம்மதம் என்றோம். அடுத்த கேள்வி, எடை எவ்வளவு என்பது. அம்மாவால் எழுந்து எடைக்கருவியில் நிற்க முடியவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சென்ற ஆண்டு கிளினிக் அட்டையில் பார்த்த எண் நினைவுக்கு வர, நான் தயங்காமல் 58 என்றேன். முறிவுக்குப் பிறகு அவர் கஞ்சியும் ரொட்டியும் மட்டுமே சாப்பிட்டு வந்ததையோ, அவருடைய வளையல்கள் முழங்கை வரை ஏறி இறங்கியதையோ நான் அந்த நொடியில் எண்ணிப் பார்க்கவில்லை. 58 என்று எழுதினார்கள். அந்த எண் அம்மாவின் கோப்போடு வார்டு வார்டாகப் போனது.

ஊசி தொடங்கிய மூன்றாம் நாள் அம்மாவுக்கு மலம் தார் போலக் கறுத்துப் போனது. முழங்கால் வலிக்காக அவர் மாதக்கணக்கில் வாங்கி விழுங்கியிருந்த மாத்திரைகள் இரைப்பையில் புண்ணை உண்டாக்கியிருந்தன. ஊசி மருந்து அந்தப் புண்ணை வாய்திறக்க வைத்தது. ஹீமோகுளோபின் 7.1க்கு இறங்கியது. உள்நோக்கிக் குழாய் செலுத்திப் புண்ணில் கிளிப் போட்டு இரத்தத்தை நிறுத்தினார்கள், ஊசியையும் நிறுத்தினார்கள். இப்போது காலில் புதிதாக உறைந்த கட்டி இருக்கிறது, அதற்குரிய மருந்தைக் கொடுக்கவும் வழியில்லை. வடிகட்டி என்ற பேச்சு அப்போதுதான் வந்தது. வெள்ளிக்கிழமை கிளிப் போட்டார்கள். திங்கட்கிழமை பினாங்குத் தீவில் உள்ள வேறொரு மருத்துவமனைக்கு ஆம்புலன்சில் பாலத்தைத் தாண்டி அழைத்துப் போனார்கள்.

வடிகட்டி என்றதும் நான் மனத்தில் கற்பனை செய்தது தேநீர் வடிகட்டி போன்ற வலையை. மருத்துவர் தாளில் வரைந்து காட்டியது துணியில்லாத குடையின் கம்பிகளை. நிக்கலும் டைட்டானியமும் கலந்த மெல்லிய உலோகக் கம்பிகள். மடக்கிய நிலையில் ஒரு குழாய் வழியாகச் செலுத்தி, கால்களிலிருந்து இரத்தத்தை இதயத்துக்கு எடுத்துச் செல்லும் கீழ்ப் பெருஞ்சிரையில், சிறுநீரகச் சிரைகள் வந்து சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே விரித்துவிடுவார்கள். காலிலிருந்து பெரிய கட்டி ஏதேனும் பிய்ந்து வந்தால் அது அங்கே சிக்கிக்கொள்ளும், நுரையீரலை எட்டாது. அவ்வளவுதான் அதன் வேலை. ஏற்கனவே உள்ள கட்டியை அது கரைக்காது, புதிய கட்டி உருவாவதையும் தடுக்காது. ஆகவே புண் ஆறியதும் இரத்தத்தை இளக்கும் மருந்தை மறுபடியும் தொடங்கியே ஆக வேண்டும் என்றார். வடிகட்டி வைத்துவிட்டால் ஊசியிலிருந்து தப்பித்தோம் என்று நான் நினைத்திருந்தது அப்போதே பொய்யாகிவிட்டது. ஆனால் அந்தச் செய்தியின் மறுபாதி, அதாவது குத்திய காயம் முழுமையாக ஆறுவதற்குள் மருந்து தொடங்கப்படலாம் என்பது, என் மனத்தில் ஏறவில்லை.

கழுத்துச் சிரை வழியாகவும் செலுத்தலாம், தொடைச் சிரை வழியாகவும் செலுத்தலாம். அம்மாவுக்கு வலது தொடையிடுக்கு வழியாகச் செய்தார்கள். மரத்துப்போக ஊசி, எக்ஸ்ரே திரை, சிரையின் அகலத்தை அளக்கச் சாயம். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. ஒப்புதல் படிவத்தில் ஆபத்துகளின் பட்டியல் இருந்தது: குத்திய இடத்தில் இரத்தக்கசிவு, வடிகட்டி சாய்தல், நகர்தல், கம்பி சிரைச் சுவரைத் துளைத்தல், சாயத்தால் சிறுநீரகம் பாதிக்கப்படுதல். நான் கேட்ட ஒரே கேள்வி, 'இது ஆபத்தா டாக்டர்?' என்பதுதான். பெரிதாக ஒன்றும் வருவது அரிது என்று அவர் சொன்னது உண்மைதான். ஆனால் அந்தக் கேள்வியால் எனக்கு எந்தப் பயனும் இல்லை. கசிந்தால் எங்கே கசியும், அது எனக்கு எப்படித் தெரியும், யாரிடம் என்ன சொல்ல வேண்டும் என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்.

முதல் மூன்று நாள்களும் எல்லாம் சரியாகவே இருந்தன. குத்திய இடத்தில் ஒரு வெள்ளி அளவுக்குக்கூடக் கன்றவில்லை. வியாழக்கிழமை காலையில், புண்ணிலிருந்து கசிவு நின்று ஆறு நாள்கள் ஆகிவிட்டபடியால், எனாக்ஸபரின் ஊசியைத் திரும்பத் தொடங்கினார்கள்: காலையில் 60 மில்லிகிராம், இரவில் 60 மில்லிகிராம். ஒவ்வொரு முறையும் மிஸ்ஸி (தாதி) 'உபாட் சாயிர் டாரா', அதாவது இரத்தத்தை இளக்கும் மருந்து, என்று சொல்லிவிட்டுத்தான் வயிற்றில் குத்தினார். வெள்ளிக்கிழமை அம்மாவின் வயிற்றைச் சுற்றி ஐந்து காசு அளவில் நீலப் புள்ளிகள் தோன்றின. அவை வழக்கமானவைதான் என்றார்கள், அது சரிதான்.

சனிக்கிழமை மாலை நான்கு மணியளவில் முதுகு வலிக்கிறது என்றார் அம்மா. வலது பக்கம், விலா எலும்புக்குக் கீழே, இடுப்பெலும்புக்கு மேலே. நான் கையை வைத்து அழுத்திவிட்டேன். 'அங்க இல்ல பாப்பா, உள்ள. உள்ள என்னமோ இழுக்குது' என்றார். மருந்து கொண்டுவந்த மிஸ்ஸியிடம் அவர் தனக்குத் தெரிந்த மலாயில் 'சாக்கிட் பிங்காங்' என்றார். மலாயில் அந்தச் சொல் இடுப்பு வலி, முதுகு வலி எல்லாவற்றுக்கும் பொதுவானது. நாளொன்றுக்கு இருபது நோயாளிகளாவது அந்த வார்டில் அதைச் சொல்லியிருப்பார்கள். மிஸ்ஸி பரிவோடு ஒரு தலையணையை முதுகுக்குக் கீழே வைத்து, பாராசிட்டமால் கொடுத்துவிட்டுப் போனார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். சரியான சொல்லை அவரிடம் நாங்கள் சேர்க்கவில்லை. 'உள்ள இழுக்குது' என்று அம்மா தமிழில் என்னிடம் சொன்னது மலாய்க்குப் போகும்போது வெறும் 'பிங்காங்' ஆகிவிட்டது, நடுவில் நின்ற நான் வாய் திறக்கவில்லை.

இரவு ஒன்பது மணிக்கு அடுத்த ஊசி போட்டார்கள். அம்மா வலது முழங்காலை மடக்கியபடியே படுத்திருந்தார். நீட்டினால் தொடையின் முன்பக்கம் வலிக்கிறது என்றார். இது மிக முக்கியமான அறிகுறி என்று பின்னர் தெரிந்துகொண்டேன். முதுகெலும்பிலிருந்து தொடைக்கு இறங்கும் தசை ஒன்று இருக்கிறது. அதற்குள் அல்லது அதைச் சுற்றி இரத்தம் தேங்கினால் காலை நீட்டுவது வேதனையாகிவிடும், நோயாளி தன்னை அறியாமல் முழங்காலை மடக்கிக்கொள்வார். நான் அதைப் பார்த்து, குளிருகிறது போலும் என்று போர்வையை இழுத்துவிட்டேன்.

இரண்டு மணிக்குப் படுக்கைத் தட்டு கேட்டார். அதை வைப்பதற்காக வலது காலைத் தூக்கச் சொன்னேன். தூக்க முடியவில்லை. இடுப்பு முறிந்தது இடது பக்கம். வலது கால் அதுவரை நன்றாகத்தான் இருந்தது. நெற்றியைத் தொட்டால் சில்லென்று வியர்த்திருந்தது. 'மூச்சு வாங்குதாம்மா?' என்று கேட்டேன். 'தல சுத்துது' என்றார். அப்போதுதான் நான் எழுந்து ஓடினேன். இரவுப்பணியில் இருந்த ஹவுஸ்மன், அதாவது பயிற்சி மருத்துவர், என் மகன் வயதுப் பையன், கண்கள் சிவந்திருந்தன. முதுகுவலி என்று நான் தொடங்கியிருந்தால் அவரும் காலையில் பார்க்கலாம் என்று சொல்லியிருப்பாரோ என்னவோ. எனக்குள் ஏதோ ஒன்று சரியான சொற்களை எடுத்துக் கொடுத்தது: 'வலது தொடையில் வடிகட்டி போட்டார்கள், மூன்று நாளாக ஊசி போகிறது, இப்போது அந்தக் காலைத் தூக்க முடியவில்லை, வியர்க்கிறது.' அவர் முகம் மாறிவிட்டது. இரத்த அழுத்தம் 92க்கு 58, நாடித்துடிப்பு 118. வயிற்றின் வலது கீழ்ப்பகுதியை அவர் அழுத்தியபோது அம்மா கத்தினார். அரை மணி நேரத்தில் ஹீமோகுளோபின் 6.4 என்று வந்தது. முந்திய நாள் காலையில் அது 9.6ஆக இருந்தது.

சிறுநீரகம் ஏற்கனவே தளர்ந்திருந்ததால் சாயம் செலுத்தாமலேயே சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். வயிற்றறைக்குப் பின்னால், முதுகெலும்புக்கும் குடல்களுக்கும் இடையில் ஓர் இடம் இருக்கிறது. சிறுநீரகங்கள், பெரிய இரத்தக்குழாய்கள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. தளர்வான அந்த இடம் வெளியே எதையும் காட்டாமல் லிட்டர் கணக்கில் இரத்தத்தை வாங்கிக்கொள்ளும். அம்மாவுக்கு வலது பக்கம் முழுவதும் அங்கே இரத்தம் தேங்கி, இடுப்புத் தசைக்குள்ளும் இறங்கியிருந்தது. தொடைக்கு வரும் நரம்பு அந்தத் தேக்கத்தில் நசுங்கியதால்தான் கால் தூக்க முடியாமல் போயிற்று. வடிகட்டி வைத்த இடத்திலேயே நேராக நின்றிருந்தது.

கத்தி வைக்கவில்லை. இதைப் பலர் நம்புவதில்லை, உள்ளே இரத்தம் தேங்கியிருந்தால் திறந்து எடுக்க வேண்டாமா என்று உறவினர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். திறந்தால் அந்தத் தேக்கத்தின் அழுத்தமே போய்விடும், அதுவரை அடைத்துக்கொண்டிருந்த குழாய் மீண்டும் பீறிடலாம் என்று அறுவை மருத்துவர் விளக்கினார். ஊசியை நிறுத்தி, புரோட்டமின் என்ற முறிமருந்தைக் கொடுத்தார்கள். எனாக்ஸபரினுக்கு மூலமான வழக்கமான ஹெப்பாரினை அது முழுதாகவே முறித்துவிடும், எனாக்ஸபரினை ஓரளவுதான் முறிக்கும். மூன்று பை சிவப்பணுக்கள் ஏற்றினார்கள். ஒரு பைக்கு ஹீமோகுளோபின் ஏறக்குறைய ஒன்று கூடும் என்று கணக்கு. ஞாயிறு மாலைக்குள் நாடித்துடிப்பு நூறுக்குக் கீழே வந்தது. கசிவு நிற்காமல் போயிருந்தால், குழாய் வழியாக உள்ளே சென்று கசியும் தமனியை அடைப்பார்கள் என்று சொல்லி ஆயத்தமாகவே இருந்தார்கள். அது தேவைப்படவில்லை.

திங்கட்கிழமை காலையில் ஒரு மருந்தாளர் வந்தார். சீனப் பெண், முப்பது வயது இருக்கலாம். அம்மாவை இறுதியாக எப்போது எடை பார்த்தார்கள் என்று கேட்டார். நான் 58 என்று மறுபடியும் தொடங்கினேன்; அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, படுக்கையோடு சேர்த்துத் தூக்கி நிறுக்கும் கருவியை வரவழைத்தார். 47. ஒரு தாளை எடுத்து அவர் போட்டுக் காட்டிய கணக்கை நான் இன்னும் வைத்திருக்கிறேன். எனாக்ஸபரின் கிலோவுக்கு ஒரு மில்லிகிராம், நாளைக்கு இரண்டு முறை. ஆனால் சிறுநீரகம் நிமிடத்துக்கு 30 மில்லிலிட்டருக்குக் குறைவாக வடிகட்டினால் நாளைக்கு ஒரே முறை. அந்த அளவை வயது, எடை, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் இருக்கும் அளவு ஆகியவற்றைக் கொண்டு கணக்கிடுவார்கள். அம்மாவின் கிரியேட்டினின், புண்ணிலிருந்து கசிந்த இரத்தத்தாலும் சாயத்தாலும் 140க்கு ஏறியிருந்தது. 58 கிலோ என்று வைத்துக் கணக்கிட்டால் 31 வருகிறது. கோட்டுக்குச் சற்று மேலே. 47 என்று வைத்தால் 25. அதாவது உண்மையான எடைக்கு நாளொன்றுக்கு 47 மில்லிகிராம் போதும் என்கிற இடத்தில், என் எண்ணை நம்பி 120 மில்லிகிராம் போய்க்கொண்டிருந்தது. தளர்ந்த சிறுநீரகம் அதை வெளியேற்றாமல் சேர்த்துவைத்துக்கொண்டே வந்தது. முதலில் இரைப்பைப் புண் கசிந்ததிலும் அந்த எண்ணுக்குப் பங்கு இருந்திருக்கலாம். அவர் யாரையும் குற்றம் சொல்லவில்லை. பழைய எண்ணைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, 47 என்று எழுதி, பக்கத்தில் நாளையும் எழுதினார்.

அப்படியானால் கசிவுக்குக் காரணம் வடிகட்டியா, மருந்தா? கேட்டேன். தொடையிடுக்கில் சிரைக்கு ஒட்டினாற்போலத் தமனியும் ஓடுகிறது. ஊசி சற்று மேலே ஏறியோ பக்கவாட்டில் உரசியோ போயிருந்தால் ஒரு சிறு கிளை கிழிந்து, மருந்து இல்லாத மூன்று நாள்கள் அடைபட்டுக் கிடந்து, மருந்து வந்ததும் திறந்திருக்கலாம். அல்லது எதுவுமே கிழியாமல், மருந்து மிகுந்துபோன முதியவர்களுக்கு இடுப்புத் தசைக்குள் தானாகவே கசிவதும் உண்டு. சாயமில்லாத ஸ்கேனில் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது என்று மருத்துவர் வெளிப்படையாகச் சொன்னார். இதைக் கேட்டு என் தம்பி மிகவும் கோபப்பட்டான். அவனுக்கு யாராவது ஒருவர் தவறு செய்திருக்க வேண்டும். எனக்கு அந்த நேர்மை பிடித்திருந்தது. அதோடு, அடுத்த ஒன்பது நாள்கள் அம்மாவுக்கு எந்த மருந்தும் கொடுக்க முடியாத நிலையில், தொடையில் கட்டியும் இருந்தபோது, நுரையீரலுக்கு அரணாக இருந்தது அந்த வடிகட்டிதான். அதைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

மூன்றாம் நாள் அம்மாவின் வலது விலாவிலிருந்து தொடை வரை கத்தரிக்காய் நிறத்தில் கன்றியது. பார்க்க வந்தவர்கள் பயந்தார்கள். புதிதாகக் கசிகிறது என்று நானும் பயந்தேன். உள்ளே இருந்த பழைய இரத்தம் மெல்ல மேற்புறத்துக்கு வருவதுதான் அது. நிறத்தைப் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள், நாடித்துடிப்பையும் ஹீமோகுளோபினையும் பாருங்கள் என்று வார்டு மருத்துவர் சொன்னார். அன்றிலிருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டில் நாள், நேரம், இரத்த அழுத்தம், நாடி, ஹீமோகுளோபின் எல்லாவற்றையும் எழுதத் தொடங்கினேன். மிஸ்ஸிகள் எண்களைச் சொல்ல மறுத்ததே இல்லை. நாடி ஒரே நாளில் 84லிருந்து 104க்கு ஏறுகிறது என்றால், அழுத்தம் சரியாக இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. உடல் இரத்தத்தை இழக்கும்போது முதலில் நாடிதான் ஓடத் தொடங்கும், அழுத்தம் விழுவது பிறகுதான்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் தோட்டத்து மலாயோடு வார்டில் தனியாகப் படுத்திருக்கிறார்கள். வலி என்பதற்கு அவர்களிடம் 'சாக்கிட்' என்ற ஒரே சொல்தான் இருக்கிறது. இப்போது அம்மாவுக்கு நான் சொல்லிக்கொடுத்திருப்பது 'காக்கி தா போலே அங்காட்' என்ற வாக்கியம், அதாவது காலைத் தூக்க முடியவில்லை. கால் தூக்க முடியவில்லை, நிற்கும்போது கண் இருட்டுகிறது, சிறுநீர் குறைந்துவிட்டது, நேற்று இல்லாதது இன்று புதிதாக இருக்கிறது என்று சொல்லுங்கள். எந்தக் காலில் குத்தினார்கள், எந்த மருந்து எப்போது தொடங்கியது என்பதையும் அதே மூச்சில் சேர்த்துச் சொல்லுங்கள். வேலைச்சுமையில் இருக்கும் இளம் மருத்துவருக்கு அந்த மூன்றும் சேர்ந்து வந்தால்தான் மணி அடிக்கும். வீட்டில் இருக்கும்போது இப்படி நேர்ந்தால் கிளினிக்குக்குப் போய் நேரம் கழிக்க வேண்டாம், 999ஐ அழையுங்கள்.

மருந்தை மறுபடியும் தொடங்கியது பத்தாம் நாள். இம்முறை சாதாரண ஹெப்பாரினைச் சொட்டுச் சொட்டாக, முதல் மொத்த அளவு கொடுக்காமல் தொடங்கினார்கள். எனாக்ஸபரின் வசதியானதுதான், ஆனால் ஹெப்பாரின் சொட்டை நிறுத்தினால் சில மணி நேரத்தில் உடலிலிருந்து போய்விடும், சிறுநீரகத்தை அது அவ்வளவாக நம்பியிருப்பதில்லை, முறிமருந்தும் முழுதாக வேலை செய்யும். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அம்மாவின் கையில் குத்த இடம் இல்லாமல் போனது. பிறகு இரத்தத்தை இளக்கும் மாத்திரையான வார்ஃபரினுக்கு மாற்றி, இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். எண் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் நின்ற பிறகே வீட்டுக்கு அனுப்பினார்கள். மூட்டுவலிக்கு இனி அந்தப் பழைய மாத்திரை கிடையாது. பாராசிட்டமால் மட்டும், அதுவும் கேட்டுவிட்டுத்தான். பக்கத்து வீட்டு சீன ஆண்ட்டி அன்போடு கொடுத்தனுப்பிய டாங் குய் என்ற சீன மூலிகை சூப்பையும் நன்றி சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று, அது வார்ஃபரினோடு சேர்ந்தால் கசிவு கூடும். கீரையை விட வேண்டாம், ஆனால் வாரா வாரம் ஒரே அளவாக இருக்கட்டும் என்றார்கள். முருங்கைக்கீரை இல்லாத வீடாக எங்கள் வீட்டை மாற்றுவது எப்படியும் நடக்காத காரியம்.

வெளியேறும்போது கொடுத்த கடிதத்தில் வடிகட்டி உள்ளே இருக்கிறது என்று எழுதியிருந்தது. எப்போது எடுப்பது என்று எழுதவில்லை. ஒரு மருத்துவமனை வைத்தது, இன்னொரு மருத்துவமனை கவனிக்கிறது, இடையில் அந்தத் தேதி யாருக்கும் சொந்தமில்லாமல் போய்விட்டது. இது சிறிய விஷயமில்லை. பிரான்ஸில் 400 நோயாளிகளை வைத்துச் செய்து 1998இல் வெளியிட்ட ஆய்வில், வடிகட்டி வைத்தவர்களுக்குத் தொடக்க நாள்களில் நுரையீரல் அடைப்பு குறைந்தது. ஆனால் இரண்டு ஆண்டுகளில் காலில் மீண்டும் உறைவு வந்தது அவர்களில் 20.8 விழுக்காட்டினருக்கு, வடிகட்டி இல்லாதவர்களில் 11.6 விழுக்காட்டினருக்கு. இரு பிரிவிலும் இறப்பில் வேறுபாடு இல்லை. நாள் ஆக ஆகக் கம்பி சிரைச் சுவரில் ஊன்றி வெளியே துருத்தவும், முறியவும் கூடும். சுவரைத் தாண்டிய கம்பி பக்கத்து உறுப்பைக் குத்தினால் அதுவும் ஒரு கசிவுதான். ஆபத்துக் காலம் முடிந்ததும் எடுத்துவிட வேண்டும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2010இல் எச்சரித்தது. வைத்த 29ஆம் நாளுக்கும் 54ஆம் நாளுக்கும் இடையில் எடுப்பதன் நன்மை ஓங்கத் தொடங்குகிறது என்ற கணக்கையும் பிறகு குறிப்பிட்டது. அம்மாவுக்கு நாற்பதாம் நாள் வரை யாரும் கூப்பிடவில்லை. நான்தான் தொலைபேசியில் அழைத்தேன், மூன்று பிரிவுகளுக்கு மாற்றிவிட்டார்கள், நான்காவதாக ஒருவர் கோப்பைத் தேடி எடுத்தார். வெளியேறும் நாளன்றே எடுக்கும் தேதியையும் அழைக்க வேண்டிய எண்ணையும் எழுதி வாங்காமல் கட்டிலை விட்டு இறங்காதீர்கள்.

எடுத்தது 76ஆம் நாள். ஃபெரிப் படகில் போகலாம் என்று அம்மா ஆசைப்பட்டார், ஆனால் கால் இன்னும் நம்பிக்கையாக இல்லாததால் காரிலேயே போனோம். இம்முறை நான் கேட்க வேண்டியவற்றைத் தாளில் எழுதிக் கொண்டுபோனேன். வார்ஃபரினை நிறுத்த வேண்டுமா? ஐ.என்.ஆர். 2.4, நிறுத்த வேண்டாம். எந்த வழியாக? கழுத்து வழியாக, வடிகட்டியின் உச்சியில் ஒரு கொக்கி இருக்கிறது, அதைக் கம்பிக் கண்ணியில் மாட்டி, குழாய்க்குள் மடக்கி இழுத்துவிடுவார்கள். இன்று கசிந்தால் எங்கே தெரியும்? கழுத்தில் வீக்கமாக, அல்லது முதுகில், வயிற்றில் வலியாக. அந்த வலி வந்தால் இரவில் யாரை அழைப்பது? பெயரும் எண்ணும் எழுதிக் கொடுத்தார்கள். நாற்பது நிமிடத்தில் வெளியே வந்தார். எடுத்ததை ஒரு சிறிய குப்பியில் காட்டினார்கள். என் சுட்டுவிரலைவிடச் சிறியது, ஒரு கம்பியில் மட்டும் வெள்ளையாகச் சவ்வு ஒட்டியிருந்தது. அம்மா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, 'இதுக்கா இம்புட்டு?' என்றார். அன்று மாலை வரை முதுகு வலிக்கிறதா என்று நான் கேட்டுக்கொண்டே இருந்ததில் எரிச்சலடைந்து, வலித்தால் தானே சொல்வதாகச் சொல்லித் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வலது முழங்கால் நான்கு மாதம் வரை திடீர் திடீரென்று மடங்கிக்கொண்டிருந்தது. நசுங்கிய நரம்பு மெல்லத்தான் தேறும் என்றார்கள். தொடைத் தசைக்குப் பயிற்சி செய்தோம், வீட்டில் கைப்பிடிக் கம்பிகள் பொருத்தினோம். வார்ஃபரின் சாப்பிடுகிறவர் மறுபடி விழக்கூடாது அல்லவா. உள்ளே தேங்கிய இரத்தம் கரைந்துவிட்டதைக் கடைசி ஸ்கேன் காட்டியது. சிறுநீரகமும் ஏறக்குறைய பழைய நிலைக்கு வந்துவிட்டது.

சென்ற வாரம் வார்ஃபரின் கிளினிக்கில் மிஸ்ஸி எடை எவ்வளவு என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கருவியில் ஏறி நின்றார். 51. மருந்துப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் அதைப் பென்சிலால்தான் எழுதியிருக்கிறேன்.